பஸ் தூரத்தில் ஓர் ஆசைப் பட்டியல்: மதுரையை வைத்து ஒரு வழிகாட்டி

என் அம்மா காசிக்குப் போயிருக்கிறார். ராமேஸ்வரத்துக்கு நாலு தடவை. தங்கையின் பிரசவத்துக்காக சிங்கப்பூர்கூடப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இரண்டு கிலோமீட்டர். ஆனால் தைப்பூசத் தெப்பத்தை 68 வயது வரை அவர் பார்த்ததில்லை. கேட்டால், "இங்கதானடா இருக்கு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார்.

இந்த "இங்கதானே இருக்கு" தான் உள்ளூர் ஆசைகளுக்கு முதல் எதிரி. லடாக்கோ பாலியோ போக வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கிறோம், லீவு சொல்கிறோம், காசு கட்டியாகிவிட்டதே என்று போய்ச் சேருகிறோம். பக்கத்தில் இருப்பதற்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தக் கட்டாயத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மதுரைக்காரன் என்பதால் உதாரணமெல்லாம் மதுரை. உங்கள் ஊர் சேலமோ நாகர்கோவிலோ என்றால், இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் வட்டம்

வீட்டை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரி சொந்தப் படுக்கையில் படுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. எனக்கு அது 60 கிலோமீட்டர். பைக் இல்லாதவர்கள், டவுன் பஸ் எங்கே வரை போகிறதோ அதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

வட்டத்தைப் பெரிதாக்கும் சபலம் வரும். "கொடைக்கானலையும் சேர்த்துக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். சேர்த்தால் லாட்ஜ், வாடகைக் கார், நாலு பேர் லீவு என்று கணக்கு மாறிவிடும். அது வேறு பட்டியல்.

இடத்தை எழுதாதீர்கள், செய்வதை எழுதுங்கள்

என் முதல் பட்டியல் இப்படி இருந்தது: கீழடி, யானைமலை, காந்தி மியூசியம், சமணர் மலை, பூ மார்க்கெட். ஒரு வருஷம் பீரோக் கதவில் ஒட்டியிருந்தது. ஒன்றுகூட நடக்கவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாப் பட்டியல் மாதிரி இருந்தால் யாருக்குக் கால் கிளம்பும்?

அப்புறம் திருத்தி எழுதினேன். "காந்தி மியூசியம்" என்ற வரி இப்படி ஆனது: "காந்தி அரையாடைக்கு மாறிய வீட்டிலிருந்து கிளம்பி, அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி இருக்கும் இடம் வரைக்கும் ஒரே காலையில் நடந்து போக வேண்டும்." 1921 செப்டம்பர் 22 அன்று அவர் வேட்டி சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதி வீட்டில். ரத்தக்கறை படிந்த அந்தத் துணி இருப்பது தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் நடக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில். நடுவில் வைகைப் பாலம். மியூசியத்தைப் பத்து தடவை கடந்து போயிருக்கிறேன், உள்ளே போகத் தோன்றியதே இல்லை. இப்படி எழுதின பிறகு அந்த வாரமே நடந்துவிட்டேன்.

ஆக, ஒவ்வொரு வரியிலும் ஒரு வினைச்சொல் இருக்கட்டும். ஏற வேண்டும், கட்டப் பழக வேண்டும், இழுக்க வேண்டும், விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும். முடித்தோமா இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வர வேண்டும். "மதுரையை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்பது ஆசைதான், ஆனால் அதை எந்த நாளிலும் அடித்துவிட முடியாது.

எண்ணிக்கை பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். நூறு எழுதுகிறவர்கள் எழுதுவதோடு நின்றுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நாள் குறியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தினக்காலண்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பருவம் உண்டு. தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

தை மாதத்தில் தெப்பம். ஜல்லிக்கட்டும் தைதான்: முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். சித்திரையில் அழகர். ஆவணி, புரட்டாசியில் விளாச்சேரிக்குப் போனால் கொலு பொம்மைகளுக்குக் கண் திறப்பதை வாசலிலேயே பார்க்கலாம். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் தெருவெல்லாம் பொம்மை காயும். மார்கழியில் அதே தெருவுக்குப் போனால் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைப் பார்க்கலாம்.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், திருப்பத்தூர் பக்கம், எங்களுக்கு 50 கிலோமீட்டர் வாக்கில். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் வந்து இறங்கும். மழை பொய்த்த வருஷம் போனால் கருவேல மரங்களைத்தான் பார்க்க முடியும். பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, பல வருஷமாக. என் பட்டியலில் இருந்த வரி "வேட்டங்குடி பார்க்க வேண்டும்" அல்ல, "ஒரு தீபாவளி சாயங்காலம் வெடிச் சத்தம் இல்லாத ஊரில் நிற்க வேண்டும்." மனைவி முறைத்தாள். தலைதீபாவளி அல்லவே, போய் வாருங்கள் என்று கடைசியில் விட்டுவிட்டாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கண்மாய்க் கரையில் கேட்டதெல்லாம் நாரைகள் அலகைத் தட்டும் சத்தம், தூரத்தில் ஒரு டிராக்டர். வேறெதுவும் இல்லை.

காலண்டரில் வட்டம் போட்ட பிறகு, அந்த நாளை வீட்டில் உரக்கச் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த மாதிரி. சொல்லாவிட்டால் அந்த நாளில் யாராவது ஒருவர் வீட்டு வளைகாப்பு வந்து நிற்கும்.

பைசா செலவில்லாமல் முதல் ஒன்று

ஆரம்பமே பெரிதாக வேண்டாம். மொட்டைமாடியிலேயே ஒன்று இருக்கிறது: நிழலில்லா நாள். வருஷத்தில் இரண்டே நாள், நண்பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு நேர் மேலே வரும். மதுரையில் அது ஏப்ரல் நடுவில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு தடவை. பகல் 12.15க்கு ஒரு சொம்பைச் சமதரையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி, 12.18 வாக்கில் சொம்புக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிஷம்தான், மறுபக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் நாள் ஒரு வாரத்துக்குமேல் தள்ளிப் போகும், ஆகஸ்ட் நாள் அதே அளவு முன்னால் வரும். செருப்புப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போங்கள். நான் போடாமல் போய், சொம்பைப் பார்த்ததைவிடக் குதித்ததுதான் அதிகம்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டியலில் ஒரு வரியை அடித்துவிட்டால், அடுத்ததற்குக் கால் தானாகக் கிளம்பும்.

அரை நாள் பயணம்: சமணர் மலை

தேனி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் இந்த மலையைப் பார்த்திருப்பார்கள். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கம், கீழக்குயில்குடி. டவுனிலிருந்து 12 கி.மீ. வாக்கில்.

காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். கோயிலைத் தாண்டிப் பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள், ஓரிடத்தில் கைப்பிடிக் கம்பியும் உண்டு. நிதானமாக ஏறினால் அரை மணிக்குள் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். ஒரு சுனை, அதற்கு மேலே பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்பு படமெடுத்திருந்தால் அவர் பார்சுவநாதர். காலில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி. அடியில் வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். செய்வித்தவர்களின் பெயர்கள் அவை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வட்டெழுத்தைப் படிக்கத் தெரியாதே என்று கவலை வேண்டாம், எனக்கும் தெரியாது. பக்கவாட்டில் வெயில் விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். தலைக்கு மேல் வெயில் வந்தால் வெறும் பாறைதான் தெரியும். சீக்கிரம் போகச் சொல்வது இதற்காகவும்தான்.

இன்னும் மேலே ஏறினால் இடிந்த ஒரு சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. பெரும்பாலோர் அங்கேயே செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்ற குகை இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். குகை வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே, கூரை ஓரமாக, சிங்கத்தின் மேல் ஏறி யானை மேல் வருகிறவனோடு சண்டை போடும் ஒரு பெண் தெய்வம். அந்தச் சின்னச் சிற்பத்துக்காகவே நான் மூன்று தடவை போய்விட்டேன்.

முதல் தடவை செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, டிபன் சாப்பிட்டுவிட்டு ஆற அமர பத்தரை மணிக்கு ஏறினேன். ரப்பர் செருப்பு, அரை லிட்டர் தண்ணீர். இறங்கும்போது பாறை சுட்டு, செருப்பு வார் அறுந்து, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "காலைல வரக் கூடாதாப்பா, மலை எங்கயும் போயிராது" என்றார்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ஷூ, ஒரு துண்டு. சிற்பத்தைத் தொடாதீர்கள், சாக்பீஸ் தடவி எழுத்தைத் தெளிவாக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், சட்டப்படியே குற்றம்.

இது பிடித்துப்போனால் அடுத்தது மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்த ஊர். பாறைகளில் வல்லூறு வகைகள் கூடு கட்டுகின்றன, குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது, தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு இருக்கிறது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு விட்ட ஏலத்தை, மக்கள் திரண்டு நின்று, 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்ததும் இந்த ஊர்தான். அதனால் உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். டீக்கடையில் கேட்டாலே கூட வருவார்கள். மலையைப் பற்றி அவர்கள் பேசும் விதமே தனி.

கை பழகும் ஆசைகள்

பார்ப்பதை மட்டுமே பட்டியலில் வைத்தால் சீக்கிரம் அலுத்துவிடும். கையால் செய்வது இரண்டாவது இருக்கட்டும். என்னுடையது, மல்லிகைப் பூக் கட்டப் பழகுவது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். மதுரை ஆம்பிளைகளில் எத்தனை பேருக்கு ஒரு முழம் கட்டத் தெரியும்?

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அதிகாலையில் போங்கள். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களைத் தாண்டும். பனிக்காலத்தில் வரத்தே குறைவு. கோடையில் வரத்து அதிகம், விலை இறங்கும், பழகுகிறவர்களுக்கு அதுதான் காலம். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கால் கிலோ மொட்டு வாங்கினால் போதும். மூட்டை தூக்குகிறவர்களின் வழியில் நிற்காதீர்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்கள் பிழைப்பு நடத்தும் இடம்.

கட்டுவதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் தெரு முனையில் பூ விற்கும் அக்கா. வாழைநாரை நனைத்து இடது கையில் பிடிக்க வேண்டும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு எதிர்ப்பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் போட்டு, காம்புகளுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். சொல்லும்போது சுலபம். நான் இறுக்கினால் காம்பு அறும், தளர்த்தினால் பூ கொட்டும். "தம்பி, பூவை நெரிக்காதீங்க, காம்பை மட்டும் பிடிங்க. அது ஒண்ணும் ஸ்க்ரூ இல்ல" என்றார். மூன்று மணி நேரத்தில் முக்கால் முழம். அதற்குள் மொட்டுகள் விரிய ஆரம்பித்துவிட்டன. விரிந்த பூவைக் கட்ட முடியாது. அந்த முக்கால் முழத்தை அம்மா அன்று சாயங்காலம் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இரண்டு நடை நடந்தார்.

இப்படி யாரிடமாவது கற்றுக்கொள்வதாக இருந்தால் ஒரு விஷயம்: வியாபாரம் ஓடும் நேரத்தில் போகாதீர்கள், அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுங்கள். நேராக நீட்டினால் வாங்க மாட்டார்கள். அன்று மிஞ்சிய பூவை மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

நீச்சலும் பலர் பட்டியலில் இருக்கும். நாற்பது வயதில் பழகலாம், வெட்கம் வேண்டாம். ஆனால் ரேஸ்கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளம் மாதிரி, பயிற்சியாளர் இருக்கிற இடத்தில் பழகுங்கள். தோட்டத்துக் கிணறு அப்புறம், நன்றாக நீந்தத் தெரிந்த ஆள் கூட இருந்தால் மட்டும். கல்குவாரிக் குட்டைகளில் எப்போதுமே வேண்டாம். பச்சைத் தண்ணீர் அழகாகத்தான் இருக்கும். ஆழமும் தெரியாது, ஏறிவரப் படியும் இருக்காது.

கூட்டம் உள்ள ஆசைகள்

"அழகர் ஆற்றில் இறங்குவதை நேரில் பார்க்க வேண்டும்" என்று எழுதாத மதுரைக்காரர் உண்டா? புதியவர்களுக்கு நான் அதை முதல் வருஷம் சிபாரிசு செய்வதில்லை. 2022-ல் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். குழந்தை, வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த விடியற்காலையில் ஆற்றுக்குள் நிற்பது சரிவராது.

அதற்கு முந்தைய நாள் எதிர்சேவை. அழகர் மலையிலிருந்து வரும் அழகரை மூன்றுமாவடியிலும் தல்லாகுளத்திலும் மக்கள் எதிர்கொண்டு அழைப்பார்கள். சர்க்கரை நிறைத்த சொம்பில் சூடம் ஏற்றி நிற்பார்கள், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அகலமான ரோடு, நினைத்தால் ஒதுங்க இடம் உண்டு. இல்லையென்றால் ஆற்றில் இறங்கியதற்கு மறுநாள் ராத்திரி, ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். விடிய விடிய அழகர் ஒவ்வொரு அவதாரமாக அலங்காரம் மாற்றிக்கொண்டு வருவார். ஒரு ஜமுக்காளம், பிளாஸ்கில் காப்பி. நான் மோகினி வருவதற்குள் தூங்கிப்போனேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி தட்டி எழுப்பினார்.

எங்கே போனாலும் வீட்டார் பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள். அந்தக் கூட்டத்தில் போன் கிடைக்காது. பிள்ளைகள் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதின சீட்டு இருக்கட்டும்.

காடு என்றால் அனுமதி

இதில் பேரமே கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் "ஞாயிறு மலையேற்றம், 500 ரூபாய்" என்று வந்தால், வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாடு வனத்துறையே 2024 அக்டோபரில் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் முன்பதிவைத் தொடங்கியது. வழிகாட்டியும் கூடவே வருவார். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் கிளம்பும் முன் பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு போன்

கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், வார விடுமுறை என்று பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினவன் நான். வெளியே கரும்புச்சாறு குடித்தோம், வீட்டுக்கு வந்தோம், இரண்டு நாளைக்குப் பேச்சு வாங்கினேன். அரசு இடங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள்.

செலவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் 500 ரூபாயைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வந்தேன். பஸ், டீ, பரோட்டா எல்லாம் போக வருஷக் கடைசியில் மிச்சம்கூட இருந்தது.

முடித்த ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நாலு வரி எழுதுங்கள். தேதி, யாரோடு, என்ன தப்பாகப் போனது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும். படம் ஆயிரம் எடுத்தாலும் போனில் தொலைந்துபோகும். "செருப்பு வார் அறுந்தது, ஷூ போடு" என்ற வரிதான் அடுத்த தடவைக்கு உதவும்.

அம்மாவின் தெப்பத்தைப் பற்றி என் நோட்டில் இருப்பது இது: "தைப்பூசம். அம்மா, நான், சின்னவள். காலை ஏழு மணிக்கே படியில் இடம் பிடித்தாயிற்று. வடத்தை ஓரமாக ஒரு நிமிஷம் அம்மாவும் பிடித்தார். கைக்குட்டை எடுத்துப் போகவில்லை. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு திரும்பவும் வரணும் என்றார், கால் வலியால் முடியவில்லை. அடுத்த வருஷம் சாயங்காலம் மட்டும். மடக்கு நாற்காலி எடுத்துப் போக வேண்டும்."